மூட்டைக்குக் கணக்கு உண்டு, கம்ப்யூட்டருக்கு உண்டா?



நம் கிட்டங்கியில் 400 மூட்டை துவரம்பருப்பு இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாலையில் கணக்குப்படி 312 மூட்டை இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 311தான் இருக்கிறது. என்ன செய்வோம்? கிட்டங்கிப் பையனைக் கூப்பிடுவோம், லோடுமேனைக் கூப்பிடுவோம், சிட்டையைப் புரட்டுவோம், அன்று சரக்கு எடுத்த நாலு கடைக்கும் போன் போடுவோம். அந்த ஒரு மூட்டை எங்கே போயிற்று என்று தெரியும் வரைக்கும் ஷட்டரை இறக்க மாட்டோம். இந்தப் பழக்கத்தை நமக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து கையோடு வந்தது.

அதே கடையில் மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எத்தனை, அவை எந்த வருடம் வாங்கியவை, பில் எங்கே இருக்கிறது, எது யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று கேட்டால், நம்மில் எத்தனை பேர் உடனே பதில் சொல்வோம்? நான் சொல்லியிருக்க மாட்டேன். அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவன் நான். 1996-ல் முதல் கம்ப்யூட்டர் வாங்கினோம். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரோடு வந்து இறங்கிய அந்தப் பெட்டிக்கு மஞ்சள் துணி போர்த்தி, சூடம் காட்டி, கணக்குப்பிள்ளையைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார் என் தகப்பனார். ஒரே ஒரு பெட்டி இருந்த காலத்தில் பட்டியல் எதற்கு? பிறகு ஒன்று இரண்டாயிற்று, இரண்டு ஐந்தாயிற்று. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அவசர அவசரமாக இரண்டு வாங்கினோம். எத்தனை வாங்கினோம், எத்தனை கழித்தோம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

2024 ஜூன் மாதம், கம்ப்யூட்டர் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பில் வந்தது. 9 கம்ப்யூட்டர், ஒன்றுக்கு ஆண்டுக்கு ரூ. 2,500 வீதம். அன்று கடையில் வியாபாரம் மந்தம். சும்மா இருந்த நேரத்தில் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து எண்ணிப் பார்த்தேன். கடையில் நான்கு, கிட்டங்கியில் இரண்டு, ஆக ஆறு. மீதி மூன்று எங்கே? ஒன்று 2020-லேயே செத்துப்போய்ப் பழைய சாமான்காரரிடம் போயிருந்தது. இன்னொன்று கொரோனா சமயத்தில் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கென்று வீட்டுக்குப் போனது, திரும்பவே இல்லை. மூன்றாவது, கடையின் பரண்மேல் காலி அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்தது. இந்த மூன்றுக்கும் 2021, 2022, 2023 என்று மூன்று ஆண்டுகள் பணம் கட்டியிருக்கிறோம். ரூ. 22,500.

சர்வீஸ் பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அண்ணாச்சி, எங்ககிட்ட இருக்கிற லிஸ்ட்ல ஒன்பதுதான் இருக்கு. நீங்க குறைக்கச் சொல்லலியே" என்றார். அவர் சொன்னதில் தவறு இல்லை. அவர் என்னை ஏமாற்றவில்லை. என் கடைப் பொருளின் பட்டியல் அவரிடம் இருந்தது, என்னிடம் இல்லை. வெட்கம் எனக்குத்தான்.

நான் இங்கே சொல்ல வருவது இந்த ஒரு விஷயம்தான். நம் கடையின் கம்ப்யூட்டர், பிரிண்டர், அவற்றிலுள்ள மென்பொருள் ஆகியவற்றின் பட்டியல் நம் கையில் இருக்க வேண்டும். சர்வீஸ்காரர் கையிலோ, ஆடிட்டர் கையிலோ, விற்ற கடைக்காரர் கையிலோ இருந்தால் போதாது. அந்தப் பட்டியலை நோட்டில் எழுதுவதா, சாப்ட்வேரில் ஏற்றுவதா என்பது அடுத்த கேள்வி. அதற்கும் வருகிறேன்.

போனது ரூ. 22,500 மட்டும் என்றால் அதை ஒரு பாடத்துக்குக் கொடுத்த கட்டணம் என்று விட்டுவிடலாம். எனக்குத் தெரிந்த ஒரு மிளகாய் வற்றல் கமிஷன் மண்டிக்காரருக்கு நேர்ந்தது அப்படி விட்டுவிடக் கூடியதல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அவர் அலுவலக அறையின் பூட்டை உடைத்துத் திருடர்கள் நுழைந்தார்கள். கல்லாவில் ரொக்கம் இல்லை. வந்ததற்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்றோ என்னவோ, மூன்று கம்ப்யூட்டர்களையும் ஒரு பிரிண்டரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் காவல் நிலையத்தில் கேட்ட முதல் கேள்வி, "சீரியல் நம்பர் என்ன?" என்பது. தெரியாது. கம்பெனிப் பெயர்கூட ஒன்றுக்கு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பில் கேட்டார். தேடி எடுத்த பில் ஒன்று வெப்பத்தில் அச்சாகும் தாளில் கொடுத்தது. எழுத்தெல்லாம் மங்கி வெள்ளைத் தாளாக இருந்தது. இதற்கெல்லாம் மேலாக, பாலிசியில் சரக்குக்குத்தான் காப்பீடு எடுத்திருந்தார். அலுவலகச் சாமான்கள் அதில் சேரவே இல்லை.

சாமான் போனால் போகிறது. உள்ளே இருந்தது என்ன? எட்டு மாவட்டத்து வியாபாரிகளின் பாக்கிக் கணக்கு. பேரேட்டின் நகல் இருக்கிறதா என்றால், இருந்தது. ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் பென் டிரைவைத் தினமும் செருகி வைத்திருந்தது அந்தக் கம்ப்யூட்டரிலேயே! அதுவும் சேர்ந்து போய்விட்டது. ஆடிட்டரிடம் இருந்த பழைய கணக்கு, கையிலிருந்த பில் புத்தகம், வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் வைத்து நான்கு மாதம் உட்கார்ந்து கணக்கைத் திரும்பக் கட்டினார். நம் வியாபாரிகளில் பெரும்பாலோர் யோக்கியர்கள். தாங்களாகவே போன் செய்து, "அண்ணாச்சி, என் பேர்ல இவ்வளவு நிக்கும், எழுதிக்கோங்க" என்று சொன்னவர்கள் உண்டு. எல்லோரும் அப்படிச் சொல்லவில்லை. எவ்வளவு போயிற்று என்று அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

அவரிடம் ஒரே ஒரு தாளில், "மேசைக் கம்ப்யூட்டர், இன்ன சீரியல் எண், இதில் பாக்கிப் பேரேடு இருக்கிறது, இதன் நகல் வீட்டு அலமாரியில்" என்று எழுதும் பழக்கம் இருந்திருந்தால், அந்த நான்காவது வார்த்தையை எழுதும்போதாவது நகல் வீட்டில் இல்லை என்பது கண்ணில் பட்டிருக்கும். பட்டியல் எழுதுவதில் உள்ள பெரிய லாபம் இதுதான். எழுத உட்கார்ந்தால்தான் நம்மிடம் இல்லாதது தெரிகிறது.

பெரிய நிறுவனங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2017 ஜூன் 27 அன்று, உலகத்தின் மிகப்பெரிய கப்பல் கன்டெய்னர் நிறுவனங்களில் ஒன்றான டென்மார்க் நாட்டு மெர்ஸ்க் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களில் நாட்பெட்யா என்ற நாசகார நிரல் புகுந்தது. மும்பைக்கு அருகிலுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்தும் முனையம்கூட நின்றுபோனது. 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்து நாட்களில் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது என்று அந்த நிறுவனத்தின் தலைவரே 2018-ல் டாவோஸ் மாநாட்டில் சொன்னார். அத்தனை கம்ப்யூட்டர்களுக்கும் யார் உள்ளே வரலாம், எதைத் தொடலாம் என்று ஆணையிடும் தலைமைப் பொறிகள் உலகெங்கும் இருந்தன, எல்லாமே அழிந்துவிட்டன. ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும், தாக்குதல் நேரத்தில் மின்சாரம் போயிருந்ததால் ஒன்று தப்பித்தது. அதிலிருந்த விவரத்தை ஆள் மாற்றி ஆள் கையில் கொடுத்து விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். மின்வெட்டால் ஒரு கம்பெனி பிழைத்தது என்று நான் கேள்விப்பட்டது அந்த ஒரு முறைதான். எந்தப் பெட்டி எங்கே தப்பித்திருக்கிறது என்று உலகெங்கும் உள்ள தங்கள் ஆட்களுக்குப் போன் போட்டுத் தேடித்தான் கானாவைக் கண்டுபிடித்தார்கள்.

நம்மில் வயதானவர்களுக்கு 1998, 1999-ஆம் ஆண்டுகள் நினைவிருக்கும். 2000 பிறந்தால் கம்ப்யூட்டர்கள் தேதியைத் தவறாகப் படிக்கும் என்று உலகமே கவலைப்பட்டது. வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் அதற்குச் செய்த முதல் வேலை, தங்களிடம் என்னென்ன கம்ப்யூட்டர், என்னென்ன மென்பொருள் இருக்கிறது என்று கணக்கெடுத்ததுதான். நாம் அப்போது வேடிக்கை பார்த்தோம்.

பட்டியல் வைப்பது நமக்குத் தெரியாத வித்தை ஒன்றுமல்ல. நம் கடையில் ஒரே ஒரு இயந்திரத்துக்கு மட்டும் ஒழுங்கான ஆவணம் உண்டு. அது மின்னணுத் தராசு. தயாரித்த கம்பெனி, சீரியல் எண், முத்திரையிட்ட தேதி, அடுத்து முத்திரையிட வேண்டிய தேதி எல்லாம் எழுதிய சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம். ஏன்? எடையளவுச் சட்டம் கேட்கிறது, ஆய்வாளர் வருகிறார். தராசுக்குச் செய்வதை அதன் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்குச் செய்யவில்லை, ஏனென்றால் அதைக் கேட்டு யாரும் வருவதில்லை. திருடன் வரும்வரை.

சரி, என்ன எழுத வேண்டும்? ஒவ்வொரு பொருளுக்கும் நாமாக ஓர் எண் கொடுத்து, அதை அழியாத மையில் எழுதிப் பொருளின்மேல் ஒட்ட வேண்டும். கம்பெனிப் பெயர், மாடல், சீரியல் எண். மடிக்கணினியானால் அடிப்பக்கத்திலும், மேசைக் கம்ப்யூட்டரானால் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ இந்த எண் இருக்கும். டெல் கம்பெனிப் பெட்டிகளில் சர்வீஸ் டேக் என்று ஏழு எழுத்து இருக்கும். இந்த எண்ணை அந்தந்தக் கம்பெனியின் இணையதளத்தில் கொடுத்தாலே உத்தரவாதம் எதுவரை என்று காட்டிவிடும். உள்ளூரில் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டிய பெட்டியானால் அப்படி ஒரே எண் இருக்காது. தாய்ப்பலகை, ஹார்டு டிஸ்க், நினைவகம் ஒவ்வொன்றின் எண்ணையும் தனித்தனியே குறிக்க வேண்டும். ரிப்பேருக்குப் போன பெட்டி திரும்பி வரும்போது போன பாகங்களோடுதான் வந்திருக்கிறதா என்று பார்க்க வேறு வழி கிடையாது. நான் யாரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. அரிசி ஆலைக்கு நெல் அனுப்பினால் எடை போட்டு அனுப்புகிறோம் அல்லவா? அதுபோலத்தான்.

வாங்கிய தேதி, யாரிடம், என்ன விலை, வரி எவ்வளவு, பில் எந்தக் கோப்பில். வெப்பத்தாள் பில்லானால் அன்றே ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்து வைக்க வேண்டும்.

பொருள் நம்முடையதா, பிறருடையதா என்பதையும் எழுதியாக வேண்டும். நம் மேசைமேல் இருப்பதெல்லாம் நம்முடையது அல்ல. கார்டு தேய்க்கும் இயந்திரம் பெரும்பாலும் வங்கியுடையது, மாத வாடகை உண்டு. பணம் வந்ததும் பேசுகிற ஸ்பீக்கர் பெட்டிக்கும் பல இடங்களில் வாடகை இருக்கிறது. இன்டர்நெட் மோடம் சில சமயம் டெலிபோன் கம்பெனியுடையது. உபயோகத்தில் இல்லாமல் டிராயருக்குள் தூங்கும் கார்டு இயந்திரத்துக்கு வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் வாடகை போய்க்கொண்டிருப்பதை நான் ஒரு கடையில் என் கண்ணால் பார்த்தேன்.

இதற்கு அடுத்தது மென்பொருள் உரிமம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பில் போடும் சாப்ட்வேரையும் கணக்கு சாப்ட்வேரையும் காசு கொடுத்து வாங்குகிறோம். அதன் உரிமம் யாருடைய மின்னஞ்சல் முகவரியில், யாருடைய செல்போன் எண்ணில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்திருக்கிறோமா? அநேகமாக, வாங்கிக் கொடுத்தவரின் முகவரியில் இருக்கும். "நீங்க சிரமப்பட வேணாம் முதலாளி, நானே போட்டுர்றேன்" என்று அவர் அன்று சொன்னது நமக்கு உபகாரமாகத்தான் தெரிந்தது. எங்கள் வீதியிலேயே ஒரு கடையில் கம்ப்யூட்டர் பழுதாகிப் புதிய பெட்டிக்கு உரிமத்தை மாற்ற வேண்டி வந்தது. ரகசிய எண் போனது, துபாய்க்கு வேலைக்குப் போய்விட்ட பழைய சர்வீஸ் பையனின் செல்போனுக்கு. அந்த எண்ணும் அப்போது உபயோகத்தில் இல்லை. பில், கடிதம், அடையாளச் சான்று எல்லாம் அனுப்பி, உரிமம் கைக்கு வருவதற்கு 11 நாள் ஆயிற்று. ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கல் செய்ய வேண்டிய 11-ஆம் தேதி அந்த நாட்களுக்குள்தான் வந்து போனது. தாமதக் கட்டணம் சொற்பம்தான். ஆனால் அந்த மாதம் அவரிடம் சரக்கு எடுத்த வியாபாரிகளுக்கு வரி வரவு காட்டவில்லை. ஒவ்வொருவராகப் போன் செய்து அவரைக் கேள்வி கேட்டார்கள். சொந்தக் கடைக்குள் நுழைய வெளியூரில் இருப்பவரிடம் சாவி கேட்ட கதைதான். உரிமங்களை முதலாளியின் பெயரில், கடையின் சொந்த மின்னஞ்சலில், கடையின் செல்போன் எண்ணில் மாற்றிக்கொள்ளுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.

வாங்கிய ஆண்டை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் கொடுத்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிட்டன. நீட்டிப்புத் திட்டம் ஒன்று உண்டு, ஆனால் அது நிரந்தரமல்ல. அடுத்ததான விண்டோஸ் 11, ஏறக்குறைய 2018-க்கு முன் வாங்கிய பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் முறைப்படி ஏறாது. ஆக, ஜி.எஸ்.டி. வந்தபோது நாம் அவசரத்துக்கு வாங்கிய பெட்டிகளெல்லாம் இந்த வலையில் சிக்கியவைதான். மாற்ற வேண்டியவை எத்தனை, அதற்குப் பணம் எவ்வளவு என்று கணக்குப் போடப் பட்டியல் இல்லாவிட்டால், ஒரு நாள் பெட்டி தானாக நின்று நமக்குச் சொல்லும். தீபாவளிக்கு முந்தின வாரம் பார்த்து நிற்கும்.

வரிக் கணக்கைப் பற்றி ஆடிட்டர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். சுருக்கமாக: வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். 2017-18 நிதியாண்டுக்கு முன் இது 60 சதவீதமாக இருந்தது. ரூ. 50,000-க்கு வாங்கிய பெட்டி முதலாண்டு முடிவில் கணக்கில் ரூ. 30,000, அடுத்து ரூ. 18,000, அதற்கடுத்து ரூ. 10,800 என்று இறங்கும். 180 நாளுக்குக் குறைவாக உபயோகித்த முதலாண்டில் இதில் பாதிதான். ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரி வரவு எடுத்துவிட்டு, அந்தப் பொருள் திருட்டுப்போனாலோ தொலைந்தாலோ அழிந்தாலோ அந்த வரவு செல்லாது என்று சட்டத்தின் 17(5) பிரிவு சொல்கிறது. வரவு எடுத்த பொருளைப் பழையதாக விற்றாலும் வரி உண்டு. ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதம் கணக்கும் பில்லும் வைத்திருக்க வேண்டும். விற்ற பொருளும் செத்த பொருளும் கணக்கில் உயிரோடு நின்றால், கேள்வி வரும் நாளில் நாம்தான் திருதிருவென்று விழிக்க வேண்டும்.

இனி சாப்ட்வேருக்கு வருகிறேன். எனக்கு நடந்ததைக் கேள்விப்பட்டு, இதற்கென்றே சாப்ட்வேர் இருக்கிறது என்று ஒருவர் விற்க வந்தார். ஆண்டுச் சந்தா. எனக்கிருக்கும் ஆறு கம்ப்யூட்டரைக் கணக்கு வைக்க அவர் கேட்ட தொகையில் ஏழாவது கம்ப்யூட்டரையே வாங்கிவிடலாம். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் அவர் சொன்ன விஷயம் பொய்யல்ல. கம்ப்யூட்டர்களைத் தானே கணக்கெடுக்கும் மென்பொருள்கள் நல்ல முறையில் வேலை செய்கின்றன. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு சிறிய நிரலை ஏற்றிவிடுவார்கள். கிட்டங்கிக் காவலாளி மாதிரி அது உள்ளேயே உட்கார்ந்துகொண்டு, இந்தப் பெட்டியின் சீரியல் எண் இது, நினைவகம் இவ்வளவு, ஹார்டு டிஸ்க் இவ்வளவு, ஏற்றியிருக்கும் மென்பொருள்கள் இவை என்று தலைமைக் கம்ப்யூட்டருக்கு அவ்வப்போது அறிக்கை அனுப்பும். ஒரு பெட்டியில் நினைவகத்தை யாராவது பாதியாகக் குறைத்தால் அடுத்த அறிக்கையில் தெரிந்துவிடும். ஓசிஎஸ் இன்வென்டரி என்பது இப்படி வேலை செய்யும் ஒன்று. பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கிய ஜிஎல்பிஐ, எந்தப் பொருள் யார் பெயரில் கொடுக்கப்பட்டது என்று வரவு செலவு எழுதும் ஸ்னைப்-ஐடி போன்றவையும் இருக்கின்றன. இவற்றையெல்லாம் காசு கொடுக்காமலே இறக்கி நம் சொந்தக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளலாம். சந்தா கேட்டு வருபவர்கள் இதைச் சொல்வதில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

இலவசம் என்றால் செலவில்லை என்று அர்த்தமல்ல. அதை நிறுவவும், பிறகு பார்த்துக்கொள்ளவும் விவரம் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் யார்? மறுபடியும் அதே சர்வீஸ்காரர். பட்டியல் மறுபடியும் அவர் கைக்கே போய்விடும்! மேலும், அணைத்து வைத்த கம்ப்யூட்டர் அறிக்கை அனுப்பாது. பரண்மேல் கிடக்கும் பெட்டி அனுப்பாது. வீட்டுக்குப் போன பெட்டியும் அதற்கென்று ஏற்பாடு செய்திருந்தாலொழிய அனுப்பாது. தராசு, யு.பி.எஸ்., பார்கோடு படிக்கும் கருவி இவற்றையெல்லாம் எப்படியும் கையால்தான் எழுதியாக வேண்டும். எனக்குத் தொலைந்த மூன்றில் ஒன்றைக்கூடச் சாப்ட்வேர் தானாகப் போய்க் கண்டுபிடித்திருக்காது. அதிகம் போனால், "இந்த மூன்றிலிருந்தும் பல மாதமாகத் தகவல் இல்லை" என்று சொல்லியிருக்கும். அதைப் படிக்க ஓர் ஆள் வேண்டும்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. இருபது இருபத்தைந்து சாமான் வரை உள்ள ஒரே கடைக்கு ஒரு கட்டு நோட்டுப் போதும். அதையே கம்ப்யூட்டரில் எக்செல் தாளிலும் ஏற்றி, மாதம் ஒரு முறை அச்செடுத்துப் பெட்டகத்தில் வைக்கலாம். கம்ப்யூட்டருக்குள் மட்டும் வைத்தால், கம்ப்யூட்டர் போகும்போது பட்டியலும் சேர்ந்து போகும். நாலைந்து ஊரில் கிளை வைத்திருப்பவர்கள், ஐம்பது அறுபது பெட்டி வைத்திருக்கும் ஜவுளிக் கடைக்காரர்கள், சூப்பர் மார்க்கெட் நடத்துபவர்கள் சாப்ட்வேர் வைத்துக்கொள்வது நியாயமே. அவர்களுங்கூட முதலில் ஒருமுறை ஆள் விட்டு எண்ணி எழுதிய பிறகு ஏற்ற வேண்டும். கிட்டங்கியை எண்ணாமல் ஆரம்ப இருப்பு எழுதினால் அந்தக் கணக்கு என்றைக்கும் நேராகாது என்பது நமக்குத் தெரியாததா?

"இரண்டே கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன், எனக்கு எதற்கு இதெல்லாம்?" என்று சில்லறைக் கடைக்காரர் ஒருவர் என்னைக் கேட்டார். அவருக்கு அரைப் பக்கம் போதும். இரண்டு வைத்திருப்பவரிடம் ஒன்று போனால் பாதிக் கடை போகிறது. என்னைவிட அவருக்குத்தான் இது அவசரம்.

கழித்துவிடும் பொருளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2020-ல் பழைய சாமான்காரரிடம் போன எங்கள் பெட்டியை அப்படியே தூக்கிக் கொடுத்திருக்கிறோம், ஹார்டு டிஸ்கோடு. அதில் எங்கள் வாடிக்கையாளர் பெயர், செல்போன் எண், பாக்கி, கொள்முதல் விலை எல்லாம் இருந்தது. அழித்துவிட்டோம் என்று கணக்கர் சொன்னார். சாதாரணமாக அழிப்பதும், அவசரத்துக்கு ஃபார்மட் செய்வதும் புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழிப்பது போலத்தான், உள்ளே உள்ள பக்கங்கள் அப்படியே இருக்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். என் கொள்முதல் விலை எதிர்க்கடைக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இப்போதெல்லாம் டிஸ்கைக் கழற்றி எடுத்துவிட்டுத்தான் பெட்டியைக் கொடுக்கிறோம். கழற்றிய டிஸ்கை எங்கள் லோடுமேன் சம்மட்டியால் கவனித்துக்கொள்கிறார். மின்னணுக் கழிவுக்கென்று 2022-ல் வந்த விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன. அதில் பெரிய உபயோகிப்பாளர் என்று சொல்வது ஆண்டில் ஆயிரம் சாதனங்களுக்குக் குறையாமல் உபயோகிப்பவர்களை. நாம் அதில் வரமாட்டோம். ஆனாலும் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டால், நம் நோட்டில் "கழிவு" என்ற பத்தியில் எழுத ஓர் ஆதாரம் கிடைக்கும். தனித்தனியாக ஒவ்வொரு கடையும் ஒரு பெட்டி இரண்டு பெட்டியோடு அலைவது கஷ்டம். நம் சங்கமே ஆண்டுக்கு ஒரு நாள் குறித்து, எல்லோரிடமும் வாங்கி மொத்தமாக ஒப்படைக்க ஏற்பாடு செய்யலாம் என்பது என் வேண்டுகோள். தராசு முத்திரைக்கு முகாம் நடத்துகிற சங்கத்துக்கு இது பெரிய காரியம் அல்ல. பட்டியல் எழுதுவதற்கு ஒரு மாதிரிப் படிவத்தையும் அச்சடித்து உறுப்பினர்களுக்குக் கொடுத்தால் நல்லது.

நாங்கள் எண்ணுவதற்கு வைத்துக்கொண்ட நாள் ஆயுத பூஜை. அன்றைக்கு எப்படியும் ஒவ்வொரு சாமானையும் இறக்கித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைக்கிறோம். பொட்டு வைக்கிற கையோடு நோட்டிலும் ஒரு டிக் வைத்தால் முடிந்தது. பரண்மேல் கிடப்பதும் அன்று கீழே இறங்கிவிடும். என் பேத்தி நோட்டோடு பின்னால் வர, நான் எண்ணைப் படித்துச் சொல்ல, 2024-ல் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. 2025-ல் எண்ணியபோது ஆறு கம்ப்யூட்டரும் இருந்தன. அதில் இரண்டு விண்டோஸ் 11 ஏறாத பழைய பெட்டிகள் என்று நோட்டே சொன்னது. தீபாவளிக்கு முன்பே மாற்றிவிட்டோம். இரண்டு பிரிண்டர், மூன்று யு.பி.எஸ்., நான்கு தராசு, காமிரா பதிவுப் பெட்டி ஒன்று, எல்லாம் எழுதியபடியே இருந்தன. கூடுதலாக ஒரு மோடம் மட்டும் கிட்டங்கி ஜன்னல் மேல் இருந்தது. எங்கள் பில் எதிலும் அது இல்லை, டெலிபோன் கம்பெனியிலும் தங்களுடையது இல்லை என்று சொல்லிவிட்டார்கள். குங்குமம் வைத்து, நோட்டில் கடைசி வரியில் "யாருடையது என்று தெரியவில்லை" என்று எழுதி வைத்திருக்கிறோம்.